முதல் தண்ணீர்

பிரேமலாவைத் தொட்டிக்குள் இறக்கியதற்கு ஒரே காரணம், கோயில் நிர்வாகத்து ஆண்கள் எல்லாருக்கும் தொப்பை இருந்ததுதான். தொட்டியின் வாய் அவ்வளவு குறுகல். தலைவர் மணியம் குனிந்து பார்த்தார், தம் வயிற்றையும் ஒருமுறை பார்த்தார், பேச்சை மாற்றினார். மின்சார வேலை பார்க்கும் லோகேஸ்வரன், "நான் எறங்கினா அடச்சுக்குவேன் தலைவரே, அப்பறம் பூசைய என் தல மேலதான் பண்ணணும்" என்று தானே ஒப்புக்கொண்டான். செயலாளர் சுகுமாறன் மட்டும் மடப்பள்ளிப் பக்கம் பார்த்தான். அங்கே அவன் மனைவி பிரேமலா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் அவளுக்கு அன்று விடுமுறை. விடுமுறை என்றால் அவள் கோயிலில்தான் இருப்பாள், ஏனென்றால் சுகுமாறன் கோயிலில் இருப்பான்.

"பிரேமா, ஒரு சின்ன வேல" என்றான்.

அவன் வாயிலிருந்து வரும் சின்ன வேலைகளின் அளவு அவளுக்குத் தெரியும். ஒருமுறை சின்ன வேலை என்று சொல்லித்தான் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை வெங்காயம் உரிக்க வைத்தான். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் அந்த மாரியம்மன் கோயிலில் குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், நினைத்தால் நின்றுவிடும். அதனால் கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்க மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு நிலத்தடித் தொட்டி வைப்பது என்று முடிவாயிற்று. லோரி கம்பெனி நடத்தும் மணியம் தம் செலவில் ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக் கொடுத்தார். பேக்ஹோ இயந்திரம் வந்து குழி தோண்டியது. குழியைச் சுற்றிப் பூச்சு பூசாத செங்கல் சுவர் எழுப்பினார்கள். நல்ல நேரம் பார்த்துத் தொட்டியை இறக்கி, அதே நல்ல நேரம் முடிவதற்குள் குழியின் மேல் ஒரு கனத்த சிமெண்டுப் பலகையையும் பேக்ஹோ தூக்கி வைத்துவிட்டுப் போனது. பலகையின் நடுவில் ஒரு வட்ட ஓட்டை. அதற்கு நேர் கீழே, ஒரு முழம் தள்ளி, தொட்டியின் வாய். சுற்றிலும் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி. அதில் மணல் கொட்டுவதைப் பூசைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

தொட்டியைக் கொண்டுவந்த சீன லோரிக்காரன் போகும்போது ஒன்று சொன்னான். இறக்கிய உடனே தண்ணீரை நிரப்பிவிட வேண்டும், காலியாக விடக் கூடாது என்று மலாயில் இரண்டு முறை சொன்னான். சுகுமாறன் தலையாட்டினான். அதைத் தலைவரிடமும் போய்ச் சொன்னான். மணியம் சிரித்தார்.

"தம்பி, லோரி ஓட்டறவனுக்கு ஆகமம் தெரியுமா? அம்மனுக்கு அபிசேகம் பண்ற தண்ணி நிக்கப்போற எடம். மொத தண்ணி கலசத் தண்ணியாத்தான் இருக்கணும். குளுவாங்லேர்ந்து குருக்கள் வெள்ளிக்கெழம வர்றாரு. அதுவரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

குருக்கள் இவ்வளவு கண்டிப்பாகச் சொன்னாரா என்பது யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாரும் போகவில்லை. கூரையிலிருந்து இறங்கும் மழைக்குழாயின் முனை தொட்டியின் வாய்க்கு நேராக வளைந்திருந்தது. சுகுமாறனே அதைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டான். இனி மழை வந்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் குழியின் ஓரத்து மண்ணில்தான் விழும். அந்த மண்ணுக்கும் குழிக்கும் நடுவே இருந்தது வெறும் செங்கல்தான் என்பதை எவரும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணியம் கைவிளக்கு அடித்துப் பார்த்தபோது தொட்டிக்குள் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் தூசியும் கிடந்தது. தேரையைப் பிடிக்க வேண்டும், துடைக்க வேண்டும். அதற்குத்தான் பிரேமலா.

அலுமினிய ஏணியை இறக்கினார்கள். ஒரு துணி, கட்டைப்பிடி போட்ட ஒரு குச்சித் துடைப்பம், ஒரு பிளாஸ்டிக் பை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். உள்ளே எழுந்து நின்றால் தலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. தரையோரம் சுவரில் கறுப்பாக ஒரு திருகுமூடி தெரிந்தது. தரைக்கு மேலே வைக்கும் தொட்டிகளுக்குக் குழாய் பூட்டுகிற துவாரம் அது. புதைக்கிற தொட்டிக்குத் தேவைப்படாததால் உள்ளிருந்தே இறுக்கி மூடியிருந்தார்கள்.

"அந்த மூடிய மட்டும் தொட்டுராதம்மா" என்று மேலிருந்து மணியம் சொன்னார்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன்பக்கம் கட்டியிருந்த கூடாரத்து விளக்கு மாற்ற வேண்டும் என்று லோகேஸ்வரன் ஏணியை மேலே இழுத்துக்கொண்டான். "முடிச்சதும் கூப்பிடுங்க அண்ணி, பறந்து வந்துருவேன்" என்றான். அவன் பறக்கக்கூடிய உடம்பில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அவள் துடைக்க ஆரம்பித்தாள். தேரை எதிர்ப்பக்கச் சுவரோடு ஒண்டிக்கொண்டு அவளைப் பார்த்தது. அதைப் பிடிக்க அவள் அவசரப்படவில்லை. வீட்டிலும் வேலை, இங்கேயும் வேலை. இந்த இருட்டில்தான் யாரும் அவளைக் கூப்பிடாமல் இருந்தார்கள். அது கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

அப்போதுதான் மழை வந்தது. சொல்லிக்கொண்டு வருகிற மழையாக இல்லை. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் அவளுக்குத் தன் துடைப்பத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை. முன்பக்கம் யாரோ கத்தினார்கள். கூடாரத்தைக் காற்று தூக்கியிருக்க வேண்டும். ஆண்கள் எல்லாரும் அதைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். அவள் நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, மழை விட்டால் வருவார்கள் என்று தரையில் குந்திக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் தலை சுற்றியது. செவ்வாய் விரதம், காலையிலிருந்து வெறும் தேநீர்தான், அதனால்தான் என்று நினைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். சுற்றியது தலை இல்லை, தரை. ஒரு பக்கம் மெல்ல எழுந்தது, மறுபக்கம் இறங்கியது, திரும்பவும் எழுந்தது. படகில் கால் வைத்தால் இருக்குமே, அந்த அசைவு. அவள் எழுந்து நின்றாள். நின்ற பக்கம் கீழே அமிழ்ந்தது. பயந்துபோய் எதிர்ப்பக்கம் நகர்ந்தாள். அந்தப் பக்கம் அமிழ்ந்தது. மேலே ஏதோ இடித்து, தொட்டி முழுவதும் அதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தபோது வட்டமாக இருந்த வெளிச்சம் பிறை அளவுக்குக் குறைந்திருந்தது.

தொட்டி மிதந்து எழும்பிப் பலகையில் முட்டி, ஒரு பக்கமாக நழுவி, சாய்ந்து சிக்கிக்கொண்டது என்பதை அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தொட்டியின் வாயில் பெரும்பகுதி சிமெண்டுப் பலகைக்கு அடியில் போய்விட்டது. மீதி இருந்த பிறை வழியாக அவள் கை போயிற்று. தலை போகவில்லை.

அவள் அலறினாள். வெட்கம் மானம் பார்க்காமல் அலறினாள். தேரையும் சுவரில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது.

சுகுமாறன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். பிறைக்குள் அவன் முகத்தில் பாதி தெரிந்தது.

"பிரேமா, எங்க நீ? ஏன் டேங்கி வாய காணோம்?"

"டேங்கி மெதக்குதுங்க. மேல வந்து இடிச்சிருச்சு. என்னால வெளிய வர முடியல."

"எப்படி மெதக்கும்? இவ்ளோ பெரிய டேங்கி." பலகையின் மூலையில் பம்புக் குழாய்க்காக விட்டிருந்த சிறிய சதுர ஓட்டை வழியாக அவன் கைவிளக்கை அடித்துப் பார்த்தான். "முட்டிக்குக் கொஞ்சம் மேலதான் தண்ணி இருக்கு, அவ்ளோதான்."

முழங்கால் தண்ணீர் ஒரு ஆள் உயரத் தொட்டியைத் தூக்குமா என்று அவன் கேட்டது நியாயம்தான். அதைத்தான் பிறகு வந்த மணியமும் கேட்டார், லோகேஸ்வரனும் கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது, அதனால் பம்பும் இல்லை, பிளாஸ்டிக்கை அறுக்கிற இயந்திரமும் இல்லை. பேக்ஹோக்காரன் ஆயர் ஈத்தாமில் வேறு வேலையில் இருந்தான். தீயணைப்புப் படைக்கு, போம்பாவுக்கு, போன் போட்டார்கள். வழியில் மரம் விழுந்திருக்கிறது, வெட்டிக்கொண்டு வருகிறோம் என்று பதில் வந்தது.

லோகேஸ்வரன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பலகை ஓட்டைக்குள் ஒரு காலை விட்டு, அங்கே தெரிந்த தொட்டியின் தோள்மீது தன் முழு உடம்பின் பாரத்தையும் இறக்கினான். தொட்டி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது. அவன் மூச்சு விட்டதும் அவனையும் சேர்த்து மேலே தள்ளியது.

"அலமாக், என்னையே தூக்குது" என்றான்.

அடுத்து பாராங் கத்தியை எடுத்து வெட்டிப் பார்த்தான். கத்தி பிளாஸ்டிக்கில் பட்டுத் துள்ளியது. ஒவ்வொரு வெட்டுக்கும் தொட்டி இன்னும் கொஞ்சம் புரண்டது, பிறை இன்னும் கொஞ்சம் மெலிந்தது. "நிறுத்துங்க, மூடிக்கப்போகுது" என்று பிரேமலா கீழிருந்து கத்தினாள். நிறுத்தினார்கள். கடைசியில் சதுர ஓட்டை வழியாகப் பெயிண்டு டின்னில் கயிறு கட்டி விட்டுத் தண்ணீரை அள்ளி ஊற்ற ஆரம்பித்தார்கள். அள்ளியதைக் குழியின் பக்கத்திலேயே ஊற்றினார்கள். அது எங்கே போகும் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பிரேமலாவுக்குத் தோன்றியது. தோட்டத்து வாய்க்கால் நிறைந்தால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. வாய்க்கால் வழிந்தால் குழி நிறையும், இந்தத் தொட்டி பலகைக்கு அடியில் இப்படியே மாட்டிக்கொண்டிருக்கும், அந்தப் பிறை வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டும். கை மட்டும் போகிற வழியில் கடைசியில் தண்ணீர்தான் வரும். எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகள் தேன்மொழி இந்நேரம் பள்ளியிலிருந்து வந்து, அம்மா எங்கே என்று போன் போட்டுக்கொண்டிருப்பாள். போன் மடப்பள்ளி மேடையில் பாத்திரங்களுக்கு நடுவே கிடந்தது.

அழுது முடித்ததும் அவளுக்குச் சில வருடங்களுக்கு முன் வந்த பெரிய வெள்ளம் ஞாபகம் வந்தது. அப்போது நிவாரண முகாமுக்குப் போகும் முன், திரும்பி வந்தால் குடிக்க வேண்டுமே என்று தோங்கு என்கிற நீலப் பீப்பாய் ஒன்றில் மட்டும் விளிம்புவரை தண்ணீர் பிடித்து மூடிவிட்டுப் போனாள். மற்ற தோங்குகள் காலி. வெள்ளம் வடிந்து வந்து பார்த்தபோது காலித் தோங்குகள் இரண்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே எங்கோ கிடந்தன. பிரிட்ஜ் கூடத்தில் மல்லாந்து கிடந்தது. தண்ணீர் பிடித்த தோங்கு மட்டும் வைத்த இடத்தில், இடுப்புவரை சேற்றோடு, ஒரு விரல்கூட நகராமல் நின்றது. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது இருட்டில் உட்கார்ந்து நினைத்தாள். தோங்கு கனமானது என்பதால் மட்டும் அது நிற்கவில்லை. பிரிட்ஜும்தான் கனம். தோங்குக்குள் காலி இடம் இல்லை, அதனால் வெள்ளம் தூக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இந்தத் தொட்டியைத் தூக்கிப் பிடித்திருப்பது வெளியே இருக்கும் முழங்கால் தண்ணீர் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் வெறுமையும்தான். அள்ளுகிற தண்ணீரை இவர்கள் தப்பான இடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் எழுந்தாள். பிறை வழியாக மழைக்குழாயின் வளைந்த முனை நேர் மேலே தெரிந்தது. கூரைத் தண்ணீர் முழுவதும் அதிலிருந்து கொட்டி மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இங்க வாங்க."

சுகுமாறன் டின்னைப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டு பார்த்தான். அவன் முகத்தில் மழையும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன. அவன் நல்லவன். அதில் அவளுக்குச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை.

"அந்தப் பைப்ப திருப்பி உள்ள விடுங்க. டேங்கிக்குள்ள தண்ணி வந்தா டேங்கி எறங்கிரும். வாய் நேரா வந்துரும், நான் ஏறிருவேன்."

"உள்ள நீ இருக்கியே."

"இடுப்பு வரைக்கும் வந்தா போதுங்க. நான் நின்னுக்குவேன். வெளிய எவ்ளோ இருக்கோ அவ்ளோ உள்ள இருந்தா அது தூக்காது. நம்ம வீட்டுத் தோங்கு ஞாபகம் இல்லையா?"

சுகுமாறன் குழாயை அண்ணாந்து பார்த்தான். எழுந்து அதன் முனையில் கை வைத்தான். கீழிருந்து அவளுக்கு அந்தக் கை மட்டும் தெரிந்தது. விரலில் அவளே வாங்கிக் கொடுத்த மோதிரம். முனை லேசாகத் திரும்பியதைக்கூட அவள் பார்த்தாள்.

"சுகு, என்ன பண்ற?" மணியத்தின் குரல்.

"பிரேமா உள்ள தண்ணி விடச் சொல்றா தலைவரே."

"பைத்தியமா உனக்கு? மாட்டிக்கிட்டு இருக்கற பொம்பள மேல தண்ணிய ஊத்துவாங்களா? பயத்துல பேசுதுப்பா அது. போம்பா வந்துருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது மழைச் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டது. "அதோட வெள்ளிக்கெழமைக்கு முந்தி ஒரு சொட்டு போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

கை குழாயை விட்டு விலகியது. அவ்வளவுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை. முனை பழையபடி வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"கொஞ்சம் பொறுத்துக்க பிரேமா" என்று சுகுமாறன் சொன்னான். "வந்துருவாங்க."

பிரேமலா தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தாள். மணியத்தின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் வெளி ஆள், அவருக்கு அவள் யார். அந்தக் கை விலகியதுதான் நெஞ்சை அறுத்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை இப்படித்தான் விலகிக்கொண்டிருந்தது. ஜோகூர் பாருவில் நல்ல சம்பளத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது முதலில் சரி என்றான். அவன் அக்கா வேண்டாம் என்றதும் கொஞ்சம் பொறுத்துக்க என்றான். ஒரு விடுமுறை நாளாவது வீட்டில் இருக்கலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்க என்றான். அவளும் பொறுத்தாள். பொறுத்துப் பொறுத்து இதோ, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் தேரையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவன் அன்போடுதான் அழுதுகொண்டிருக்கிறான், அவளும் செத்துத்தான் போவாள்.

அப்போது அவள் குதிகாலில் அந்தக் கறுப்பு மூடி இடித்தது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த மூடிக்கு அந்தப் பக்கம் குழித் தண்ணீர். திறந்தால் தண்ணீர் தானாக உள்ளே வரும், யாரும் ஊற்ற வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் திறந்துவிட்டால் அந்த வேகத்துக்கு எதிரே திரும்ப மூட முடியாது. தோங்குக் கணக்கு தப்பாகப் போனால், தன் சாவுக்குத் தானே வழி திறந்தவள் ஆவாள். மேலே டின் தண்ணீரில் விழும் சத்தம், இழுக்கும் சத்தம், பக்கத்திலேயே ஊற்றும் சத்தம். அதைக் கேட்கக் கேட்கத்தான் அவளுக்குத் துணிச்சல் வந்தது.

துணியை மூடியில் சுற்றித் திருகினாள். அசையவில்லை. துடைப்பத்தின் கட்டையை மூடியின் காதுக்குள் விட்டு, காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். உள்ளங்கை கிழிந்தது. இன்னொரு முறை தள்ளினாள். கரகரவென்று ஒரு சுற்று வந்தது, பிறகு கையாலேயே சுற்ற வந்தது. கடைசிப் புரியில் மூடியைத் தண்ணீரே பிடுங்கி எறிந்தது. செம்மண் கரைந்த தண்ணீர் கை கனத்துக்குப் பாய்ந்து எதிர்ச் சுவரில் அடித்தது. ஐஸ் போல இருந்தது. அவள் பின்வாங்கி நின்றாள்.

"பிரேமா, உள்ள என்ன சத்தம்?" என்று சுகுமாறன் கேட்டான்.

கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. தொட்டி அசையவில்லை. சாய்ந்திருந்ததால் ஒரு பக்கம் தண்ணீர் ஆழமாகவும் மறுபக்கம் கிட்டத்தட்ட வெறுமையாகவும் இருந்தது. தொடைக்கு ஏறியபோது மகளின் பெயரைச் சொன்னாள். அம்மனின் பெயரையும் சொன்னாள். மணியத்தின் அம்மன் இல்லை, தன்னுடைய அம்மன்.

"தலைவரே, தண்ணி கொறையுது" என்று மேலே லோகேஸ்வரன் கத்தினான். "ஒரு சாண் எறங்கிருச்சு. அள்ளுங்க, அள்ளுங்க, விடாதீங்க."

பெயிண்டு டின் இன்னும் வேகமாகப் போய் வந்தது. ஆண்களின் குரலில் தெம்பு வந்துவிட்டது. குழித் தண்ணீர் எங்கே போகிறது என்று கீழே தொடைத் தண்ணீரில் நின்றவளுக்குத் தெரியும். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பலகையோடு உரசிக்கொண்டிருந்த தொட்டி ஒருமுறை முனகியது. மேல்பக்கம் இன்னும் சுவரில் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உயர்ந்திருந்த பக்கம் ஏறி, முதுகை அங்கே வைத்து, இருக்கிற கொஞ்ச உடம்பின் கனம் எல்லாவற்றையும் அதில் போட்டாள். தொட்டி வழுக்கியது. சடாரென்று தரை கீழே போயிற்று. அவள் விழுந்து முங்கி எழுந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது மேலே முழு வட்டமாக வெளிச்சம் இருந்தது. தண்ணீர் இடுப்பில் நின்றது, அதற்குமேல் ஏறவில்லை. தேரை நான்கு காலையும் விரித்துக்கொண்டு நிம்மதியாக மிதந்தது.

ஏணி இறங்கியது. அவள் தானே ஏறி வந்தாள்.

சுகுமாறன் அவளைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான். லோகேஸ்வரன் தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான். மணியம் சன்னிதிப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"அம்மா காப்பாத்திட்டா. நம்ம பசங்க அள்ளின அள்ளுக்குத்தான் டேங்கி எறங்குச்சு. நான் சொன்னேன்ல, பொறுமையா இருந்தா நடக்கும்னு."

பிரேமலாவுக்குப் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. மழை இன்னும் விடவில்லை. சுகுமாறன் கைவிளக்கைத் தொட்டிக்குள் அடித்தான். இடுப்பளவு செந்தண்ணீரைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. அவள் காதருகே குனிந்தான்.

"உள்ள தண்ணி போயிருச்சே பிரேமா. தலைவர்கிட்ட சொல்லாத. கரண்டு வந்ததும் பம்பு வச்சு எறச்சிரலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள காஞ்சிரும். ஒரு தடவ தொடச்சாப் போதும்."

அவள் அவனைப் பார்த்தாள். "யாரு தொடைக்கறது?"

சுகுமாறனின் கண் அவளுடைய ஒல்லியான உடம்பின்மேல் போயிற்று, பிறகு கூசிப்போய் வேறு பக்கம் திரும்பியது.

பிரேமலா அவன் கையைத் தன் தோளிலிருந்து எடுத்தாள். மழைக்குழாயிடம் நடந்தாள். கிழிந்த கையாலேயே அதன் முனையைப் பிடித்துத் திருப்பினாள். கூரைத் தண்ணீர் முழுவதும் பலகை ஓட்டை வழியாக நேராகத் தொட்டியின் வாய்க்குள் கொட்டியது.

"தங்கச்சி, என்ன பண்றீங்க?" மணியம் பதறினார். "மொத தண்ணி கலசத் தண்ணி…"

"மொத தண்ணி போயிருச்சுண்ணே. நான் உள்ள இருக்கறப்பவே போயிருச்சு. நான்தான் அந்த மூடிய தெறந்து விட்டேன். அதனாலதான் எறங்குச்சு. குருக்கள் வந்தா என்னைய கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்."

"சுகு, உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுப்பா."

சுகுமாறன் இரண்டு அடி எடுத்து வைத்து வந்தான். குழாய்க்கு அருகே வந்து கையை உயர்த்தினான். "பிரேமா, கொஞ்சம்…" என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதி வரவில்லை. உயர்த்திய கை அப்படியே நின்றது. அதைக் குழாயின்மேல் வைப்பதா கீழே போடுவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் முடிவெடுக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. மழை பெய்தது, குழாய் கொட்டியது, தொட்டி நிறைந்துகொண்டே வந்தது. கழுத்துவரை நிறைந்து வழிகிறவரைக்கும் அவள் அந்தக் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.